வெருகற்கரையும் அண்ணாவிமாரும்

மாவலி கங்கையின் கிளையொன்று வெருகலாறு என்னும் பெயரோடு கொட்டியாரப்பற்றின் தென்புறத்தே ஓடிக் கீழைக் கடலிற் கலக்கும் நாட்டில், அவ்வாற்றின் கரையை ஒட்டிச் சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டு எழுந்தருளியிருக்கிறார். பழைய மட்டக்களப்புத் தேசத்துக்கு வடவெல்லை வெருகலாறு, தென்னெல்லை குமுக்கனாறு என்று சொல்வது கிழக்கிலங்கை மக்களின் வழக்கு. ஆதலால் திருகோணமலையாரும் மட்டக்களப்பாரும் ஒருங்கே உரிமை பாராட்டும் ஸ்தலமாக வெருகல் நெடுங்காலமாய் விளங்கி வந்திருக்கிறது. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் இத்தலத்து முருகனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு 'வெருகல் சித்திர வேலாயுதர் காதல்' என்னும் பிரபந்தத்தைப் பாடினார். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இன்றைக்கும் இக்கரையில் தங்கியே மேற்செல்கின்றனர். கோயிலிலுள்ள பழைய தமிழ்க் கல்வெட்டு, கயில வன்னியனார் முதலானோர் ஆளுக்கொரு சுவரைத் தத்தம் உபயமாக ஏற்றுத் திருப்பணி செய்த செய்தியைச் சொல்லுகிறது. நான்கு சுவர்களும் நான்கு தரப்பாரின் பொறுப்பாக எழுந்து ஒரே கோயிலாக முடிந்தன என்றால், அந்தப் பொறுப்புகளையெல்லாம் பங்கிட்டு இணைத்து நிறைவேற்றத் தெரிந்த தலைமையும் அக்காலத்து மக்களிடையே இருந்திருக்க வேண்டும்.

அத்தகைய தலைமை இந்நாட்டில் எங்கே, எவ்வாறு கற்கப்பட்டது என்று விசாரிக்கப் புகுந்தால், கோயிற் பரிபாலனத்தையும் வயற்செய்கையையும் அடுத்து நம் கண்ணில் முதலாவதாகப் படுவது கூத்துக் களரியேயாகும். ஆற்றுக்கு அப்பாலும் இப்பாலும் வேளாண்மை வெட்டி முடிந்த காலத்தில், நிலாக்கால இரவுகளில், வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளையும் ஆடிவந்த மக்கள், எழுத்தறிவும் கூலியும் அதிகார முத்திரையும் துணை நில்லாத சூழ்நிலையில், இருபது முப்பது பேரை மாதக்கணக்காகப் பயிற்றி, ஓர் இரவு முழுவதும் தடுமாற்றமின்றி நடத்திச் செல்லும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். அவ்வித்தையை உடையவர் அண்ணாவியார்.

இக்காலத்தில் நாடகம், இசையரங்கு, தொலைக்காட்சி நேரலை ஆகியவற்றிற் குழுக்களை நடத்துவது எப்படி என்று தனிப்பாடம் வகுத்துக் கற்பிக்கிறார்கள். அது நல்ல முயற்சியே. ஆனால் நாடகத்தை ஆடுபவர், எழுதுபவர் என்பவரினும் வேறாக நின்று முழுவதையும் நெறிப்படுத்தும் ஒருவர் வேண்டும் என்னும் எண்ணம் ஐரோப்பாவிலேயே மிகப் பழையதன்று. ஜெர்மனியில் சாக்ஸ்-மைனிங்கன் பிரபு இரண்டாம் கேயோர்க் தம் அரண்மனை நாடகக் குழுவை 1874 முதல் ஊர் ஊராக அனுப்பியபோதுதான், கூட்டத்தில் நிற்கும் கடைசி நடிகனுக்கும் பயிற்சி அளிக்கும் நெறியாளர் ஒருவரின் பெறுமதியை மற்றை நாட்டார் கண்டுகொண்டனர். அதற்கு முன்னரெல்லாம் தலைமை நடிகரே நிர்வாகியுமாயிருப்பார். அவருடைய பிரகாசத்துக்கு இடையூறு நேராமல் ஏனையோர் ஒதுங்கி நிற்பது வழக்கம். கிழக்கிலங்கையிலோ, தாம் வேடம் பூணாமல் மத்தளத்தோடு நின்று பிறரை ஆடச் செய்யும் ஒருவரைச் சுற்றியே முழுக் கலையும் அமைந்திருந்தது.

தமிழ்நாட்டு வரலாற்றோடு ஒப்புநோக்கினால் இதன் விசேஷம் இன்னும் தெளிவாகும். சங்கரதாஸ் சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவி, சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினார். அங்கே வாத்தியார் சொல்வதற்கு மறுசொல் இல்லை. பையன்கள் வீட்டைப் பிரிந்து கம்பெனியிலேயே உண்டு உறங்கி வளர்ந்தவர்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையோ கற்றோரும் உத்தியோகஸ்தரும் விருப்பத்தின் பேரிற் சேர்ந்த சங்கம். அண்ணாவியாரின் நிலை இவ்விரண்டிலும் அடங்காது. அவர் முன்னே நிற்பவர்கள் பகலெல்லாம் வயலிலோ கடலிலோ பாடுபட்டுவிட்டு இரவில் வருகிற முதிர்ந்த மனிதர்கள். ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி முறை உடையவர்கள். சிலர் கோயிற் பரிபாலனம் செய்யும் வண்ணக்கர் குடும்பத்தினர். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அழைக்கவும் முடியாது, தவறு செய்தால் விலக்கவும் இலகுவில் இயலாது. ஆகையால் சொல்லின் பக்குவத்தினாலும் வித்தையின் கனத்தினாலும் மாத்திரமே அவர் ஆளவேண்டியிருந்தது.

ஊரவர் கூடி இன்ன கூத்து ஆடுவதென்று நிச்சயித்தபின், உள்ளூரில் அண்ணாவியார் இல்லையாயின், வெற்றிலை பாக்கோடு வேற்றூர் சென்று ஒருவரை அழைத்து வருவார்கள். பின்னர் நல்லநாள் பார்த்துச் சட்டங் கொடுத்தல் நடைபெறும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று வகுத்து, அவரவர் பாட்டும் வசனமும் அடங்கிய பகுதியைக் கையிற் கொடுக்கும் சடங்கு இது. அண்ணாவியாரின் திறமைக்கு முதற் பரீட்சை இங்கேதான். குரல், உயரம், கால்வலிமை, தாள ஞானம் ஆகியவற்றை அவர் அளந்து பார்க்கவேண்டும். அதே சமயம் தருமராசனாகத் தம் மகன் வரவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தாரின் முகத்தையும் பார்க்கவேண்டும். குரல் வளமுள்ள ஓர் இளைஞன் எளிய குடும்பத்தவனாகவும், குரலில்லாத ஒருவன் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளையாகவும் அமைந்துவிட்டால், வித்தைக்கும் ஊர் ஒற்றுமைக்கும் இடையே அவர் வழி காணவேண்டும். அனுபவமுள்ளவர்கள் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடாமல், சில இரவுகள் எல்லாரையும் எல்லாப் பாத்திரங்களின் வரவாட்டத்தையும் ஆடச்செய்து, ஊரவர் கண்முன்னாலேயே தகுதி வெளிப்படும்படி விட்டுவிடுவது உண்டு. அதன்பின் அண்ணாவியார் சொல்ல வேண்டியது சிறிதேயாகும். பார்த்திருந்த பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்பியாசம் மாதக்கணக்காக நடக்கும். எட்டு, நாலடி, பொடியடி, வீசாணம் என்னும் ஆட்டக் கோலங்களைக் காலுக்கு ஏற்றிய பின்னரே பாட்டு. பாட்டு நிலைபெற்ற பின்னரே வசனம். அண்ணாவியார் தாளக்கட்டை வாயினாற் சொல்லி, அதனையே மத்தளத்தில் வாசித்து, தாமும் ஒருமுறை ஆடிக் காட்டுவார். ஆடத் தெரியாமல் ஆடச் சொல்பவருக்கு அந்தக் களரியில் மதிப்பில்லை. ஆட்டம் ஓரளவு படிந்த பிறகு சதங்கை அணிவிக்கும் விழா நடைபெறும். கூத்தர்கள் நிரையாக வந்து வணங்க, அண்ணாவியார் ஒவ்வொருவர் காலிலும் சதங்கையைத் தம் கையாலேயே கட்டுவார். அதுவரை பிழைத்த அடி மௌனமாகப் பிழைத்தது. இனிப் பிழைத்தால் ஊருக்கே கேட்கும். அந்நாள் முதல் ஆட்டக்காரரின் நடையிலேயே ஒரு கவனம் தோன்றுவதைப் பழையவர்கள் எடுத்துச் சொல்வதுண்டு. பின்னர்க் கிழமைக் கூத்து, அதாவது வாரத்துக்கொருமுறை ஊரவர் பார்க்க ஆடிப் பார்ப்பது, அதன்பின் அடுக்குப் பார்த்தல், அதாவது முதலிலிருந்து முடிவுவரை ஒழுங்காக ஒத்திகை பார்ப்பது, ஈற்றில் அரங்கேற்றம். ஒவ்வொரு படியிலும் ஊரவரின் குறை கூறும் உரிமை அங்கீகரிக்கப்பட்டிருந்தமையால், அரங்கேற்ற நாளில் வெளிப்படக்கூடிய பிழைகளிற் பெரும்பாலானவை முன்னரே வெளிப்பட்டுத் திருத்தம் பெற்றுவிடும்.

இத்தனையையும் அண்ணாவியார் ஒருவரே சுமக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாடல் பிசகாமற் பார்ப்பவர் ஏட்டண்ணாவியார். கொப்பி வந்த காலத்தில் அவரே கொப்பி பார்ப்பவருமானார். உடுப்பு, விளக்கு, பணம், சாப்பாடு, களரிக்குக் கம்பும் வெள்ளைத் துணியும் சேகரித்தல் ஆகிய வெளிக் காரியங்களுக்குப் பொறுப்பாளராக ஒருவர் உண்டு. அவரை ஊரார் மனேச்சர் என்றே அழைத்தனர். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் தனி. ஒருவர் மற்றவரின் காரியத்தில் தலையிடுவதில்லை. ஆனால் களரிக்குள் நிகழும் எதற்கும் இறுதிச் சொல் அண்ணாவியாருடையது. உடுப்புக் கிழிந்தது என்று மனேச்சரிடம் முறையிடலாம். வரவு நீண்டது என்று அவரிடம் முறையிட முடியாது. இந்த எல்லைகள் எழுத்தில் இல்லை. எனினும் அவற்றை அறியாதவர் எவருமில்லை.

இனிக் களரியை நோக்குவோம். மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி அமைப்பது வட்டக்களரி. சபையோர் நான்கு புறமும் இருப்பார்கள். முற்காலத்திற் பந்தம், பிற்காலத்திற் பெற்றோல்மாக்ஸ். வடமோடி அரசனின் முடியும் கரப்புடுப்பும் பாரமானவை. அவற்றைச் சுமந்துகொண்டு சுழன்றாடிப் பாடுவதற்கு உடற்கட்டு வேண்டும். ஆடுபவர்கள் சுற்றி வர, அண்ணாவியாரும் தாளக்காரரும் ஏடு பார்ப்பவரும் பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவே நிற்பார்கள். மேலை நாட்டு மேடையில் நெறியாளர் அரங்கேற்ற இரவன்று சபையில் ஓரமாக அமர்ந்திருப்பார். அப்பொழுது அவர் செய்யக்கூடியது யாதுமில்லை. நம் அண்ணாவியாரோ அந்த இரவு முழுதும் வேலையில் இருக்கிறார். சபையோர் அனைவரும் அவரைப் பார்க்கிறார்கள். ஆட்டக்காரனும் எந்தத் திசையில் நின்றாலும் உட்புறம் திரும்பினால் அவரைக் காண்கிறான். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்தும் வல்லமைக்கு இதைவிடச் சிறந்த அமைப்பை நான் வேறெங்கும் அறியேன்.

அத்திருத்தம் எவ்வாறு நிகழும் என்பதற்கு ஒரு நிலைமையைச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பின்னிரவு, சபையிற் குழந்தைகள் பாயில் உறங்கிவிட்டனர், போருக்குப் புறப்படும் வீரன் தன் வரவை ஆடி முடித்து, விருத்தத்தைத் தொடங்கியவன் இரண்டாம் அடியில் நினைவு தப்பி நிற்கிறான். சபையோர் அதை உணர்வதற்குள் அண்ணாவியார் மத்தளத்தில் முன்னைய தாளக்கட்டையே இன்னொரு சுற்று எழுப்பிவிடுகிறார். பயிற்சியின் பலத்தால் வீரனின் கால் தானாகவே ஆடத் தொடங்குகிறது. பிற்பாட்டுக்காரர் அவன் விட்ட அடியை ஓங்கிப் பாட, ஏட்டண்ணாவியார் அவன் தம்மைக் கடந்து செல்லும்போது அடுத்த அடியின் முதற்சொல்லைக் காதில் இடுகிறார். சுற்று முடிகிறது, மத்தளம் தீர்மானம் வைக்கிறது, வீரன் பாடுகிறான். சபையில் இருந்தவர்கள் அதனை ஒரு மேலதிக ஆட்டமென்றே எண்ணி மகிழ்வார்கள். விடிந்தபின் தேநீர் குடிக்கும்போதுகூட அண்ணாவியார் அதைப் பற்றி எல்லார் முன்னிலையிலும் பேசமாட்டார். பேசவேண்டியிருந்தால் தனியே அழைத்துப் பேசுவார். மூவர் ஒருவரோடொருவர் சொல்லாடாமலே ஒரு நொடியில் ஒருவனைத் தாங்கிவிட்டார்கள் என்றால், அது பல மாத இரவுகள் ஒன்றாகக் கழிந்ததன் பயனேயன்றி வேறன்று.

இந்த ஆற்றல் அண்ணாவியாருக்கு எங்கிருந்து வந்தது? அவர் சிறுவனாயிருந்தபோது தந்தையுடனோ மாமனுடனோ பழகும் இடத்துக்குச் சென்று தாளம் தட்டியவர். மீசை அரும்புமுன் பெண் வேடம் ஆடியவர். பின்னர்க் கட்டியகாரனாக, சேனாதிபதியாக, அரசனாக ஆடியவர். ஆட்டத்துக்கு உடல் தளரும் பருவத்தில் பிற்பாட்டிலும் மத்தளத்திலும் நின்றவர். அதற்கும் பின்னரே கூத்துப் பழக்கும்படி ஊரவரால் அழைக்கப்பட்டவர். தலைவனாக வருவதற்கு முன் எல்லா நிலைகளிலும் பின்நின்ற அனுபவம் அவருக்கு உண்டு. நினைவு தப்பிய வீரனின் நெஞ்சு எப்படித் துடிக்கும் என்பதை அவர் நூலிற் படித்து அறியவில்லை. அண்ணாவியார் என்னும் பெயரையும் அவர் தாமே சூட்டிக்கொள்வதில்லை. அவர் பழக்கிய கூத்து ஒன்று நன்றாக அரங்கேறி, வீடுவீடாகச் சென்று ஆடிய இடங்களிலெல்லாம் பாராட்டுப் பெற்று, அயலூரார் வெற்றிலையோடு தேடிவரும்போது அப்பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இம்மரபைப் போற்றும்போது அதன் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. பெண்கள் களரிக்கு வெளியே இருந்தனர். பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். சாதியும் குடியும் பாத்திரப் பங்கீட்டில் தம் கையை நீட்டின. கூத்துகளும் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் தனித்தனியே ஆடப்பட்டன. எத்தனையோ நல்ல குரல்கள் பிறப்பின் காரணமாக அரச வேடம் காணாமலே அடங்கியிருக்கும். அண்ணாவியார்கள் சிலர் இந்த வேலியைத் தந்திரமாகத் தாழ்த்தினார்கள் என்பது மெய். வேலி இருந்தது என்பதும் மெய்யே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பல்கலைக்கழகத்தார் இந்த வித்தையைத் தேடி வந்தனர். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றியபோது, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்னும் மரபை அடிப்படையாகக் கொண்டார். அம்மரபிற் கைதேர்ந்த அம்பலாங்கொடைக் குணசிங்க குருன்னான்சே மாணவருக்குப் பயிற்சி அளித்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே வழியில் கிழக்கிலங்கைக் கூத்தை நாடி, 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1967) ஆகியவற்றை மேடைக்குக் கொண்டுவந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு அழைக்கப்பட்டு மாணவரைப் பழக்கினார். கிராமத்து விவசாயி ஒருவர் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆசிரியராக நின்ற அந்தக் காட்சி நம் கல்வி வரலாற்றில் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கது. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்திற் பேராசிரியராகி, 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்னும் பெருநூலில் இம்மரபை முறையாக ஆராய்ந்து எழுதினார்.

அம்முயற்சியால் நேர்ந்த நன்மை பெரிது. படித்தவர்கள் கூத்தை இழிவாகக் கருதிய காலம் அதனால் ஒழிந்தது. எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். இரவு முழுவதும் ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது; வட்டக்களரி ஒருமுக மேடையாயிற்று; நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தார்; அவர் மேலே நெறியாளர் என்று ஒருவர் அமர்ந்தார். கலையின் உருவம் காப்பாற்றப்பட்டது; அதை நடத்திய தலைமை முறை காப்பாற்றப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊர் மக்களோடு கூடிச் செய்துவந்த கூத்து மீளுருவாக்கம், களரியையும் அண்ணாவியாரையும் ஊரின் நடுவிலேயே வைத்துக்கொண்டு, பாத்திரப் பங்கீட்டிலும் பெண்களைச் சித்திரிப்பதிலும் இருந்த குறைகளை ஊரவர் வாயிலாகவே விவாதித்துத் திருத்த முற்பட்டமையால், இவ்விஷயத்தில் சரியான திசையை நோக்கியது என்றே கருதுகிறேன்.

வெருகற் கரையின் பிற்காலச் சரித்திரம் துயரமானது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கிற்று. 2006இல் மாவிலாற்றை ஒட்டித் தொடங்கிய போரினால் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ நேர்ந்தது. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுபவர்கள் ஏட்டையும் உடுப்பையும் மத்தளத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அதற்கும் மேலாக, ஓர் ஊரின் ஆட்கள் ஒன்றாக இருந்து மாதக்கணக்காக இரவுகளைக் கழிக்கும் சூழ்நிலையே குலைந்தது. அண்ணாவியார் உயிரோடிருந்தும் அவர் முன்னே நிற்கவேண்டிய இளைஞர் சிதறிப்போயினர். இளைஞர் திரும்பியபோது சில ஊர்களில் அண்ணாவியார் காலமாகிவிட்டார்.

மக்கள் மீளக் குடியேறியிருக்கிறார்கள். முன்பு 'பாதை' என்னும் மிதவையில் ஏறிக் கடந்த ஆற்றின்மேற் பாலம் அமைந்திருக்கிறது. வெருகல் தீர்த்தத்துக்குச் சனம் பெருகுகிறது. பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாயிருக்கிறது. கலாசாரத் திணைக்களத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் அவ்வப்போது இரண்டு மூன்று நாட் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகின்றனர். அவர்களுக்கு நான் பணிந்து விண்ணப்பிப்பது இதுதான்: எஞ்சியிருக்கும் அண்ணாவிமாரைச் சால்வை போர்த்தி மேடையில் இருத்துவதோடு நின்றுவிடாதீர்கள். கொட்டியாரத்து ஊரொன்றில், அறுவடை முடிந்த ஒரு பருவம் முழுவதற்கும், ஓர் அண்ணாவியாருக்குத் தக்க வேதனம் கொடுத்து, சட்டங் கொடுத்தல் முதல் வீடுவீடாக ஆடுவது வரை ஒரு கூத்தை ஊரவரோடு பழக்கச் செய்யுங்கள். ஆண், பெண், குடி என்ற பேதமின்றிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரங்கியல் கற்கும் மாணவர்களை அங்கே நெறியாளராக அனுப்பவேண்டாம். தாளம் தட்டவும் வெள்ளை கட்டவும் பிற்பாட்டுப் பாடவும் அனுப்புங்கள்.